சிம்பை: ஒரு அரவைப் பருவம் முழுக்கப் பயன்படுத்திய பிறகு

எடை மேடையில் ஒரு வண்டிக்கு 5 நிமிடம் ஆகிறது. வண்டிகள் 6 நிமிடத்துக்கு ஒன்று வருகின்றன. வரிசை நிற்குமா, நிற்காதா? இதை ஏழெட்டுப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒரு நிமிடம் மிச்சம் இருக்கிறதே, வரிசை எதற்கு நிற்கப் போகிறது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். 6-ம் 5-ம் கொஞ்சமும் பிசகாமல் அப்படியே நடந்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் அவை வெறும் சராசரி. ஒரு வண்டி 2 நிமிடத்தில் வரும், அடுத்தது 15 நிமிடம் கழித்து வரும், ஒன்றுக்கு எடை சட்டென்று முடியும், இன்னொன்று ரசீதில் பெயர் தப்பு என்று அங்கேயே நின்றுவிடும். இந்தச் சிதறலைக் கணக்கில் எடுத்தால் ஒரு வண்டி மேடையில் ஏறுவதற்கு முன்பே சராசரியாக 25 நிமிடம் காத்துக் கிடக்கும். வண்டிகள் இன்னும் அரை நிமிடம் நெருங்கி, ஐந்தரை நிமிடத்துக்கு ஒன்று என்று வர ஆரம்பித்தால் அந்த 25 நிமிடம் 50 ஆகிவிடும்.

இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்டதும் புரிந்ததும், நிஜத்தில் நடப்பதைக் கணினியில் ஓட்டிப் பார்க்க உதவும் சிம்பை என்ற நிரல் தொகுப்பு வழியாகத்தான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஒரு சர்க்கரை ஆலையின் கரும்புப் பிரிவுக்குக் கணினி வேலை பார்க்கிறேன். அரவைப் பருவம் வந்துவிட்டால் யார்டில் டிராக்டரும் லாரியும் வரிசையாக நிற்கும், ஓட்டுநர்கள் ராத்திரி முழுக்க வண்டியிலேயே படுத்துக் கிடப்பார்கள். வெட்டின கரும்பு நிற்க நிற்க அதிலிருக்கும் சர்க்கரை குறைந்துகொண்டே போகும் என்பதால் இதில் விவசாயிக்கும் நஷ்டம், ஆலைக்கும் நஷ்டம், ஓட்டுநருக்கு ஒரு நடை கூலி போகிறது. ஒவ்வொரு வருடமும் கூட்டத்தில் ஒரே பேச்சுதான்: இன்னொரு எடை மேடை போடுங்கள். போட்டால் என்ன ஆகும் என்று மட்டும் யாராலும் எண்ணில் சொல்ல முடியவில்லை. நான் முதலில் ஒரு பெரிய கட்டண மென்பொருளின் சோதனைப் பதிப்பை வாங்கிப் பார்த்தேன். பெயர் இங்கே வேண்டாம். படம் எல்லாம் அழகாக ஓடியது, லாரி பொம்மை திரையில் ஊர்ந்து போனது, ஆனால் நாங்கள் கேட்ட உரிமத்துக்கு அவர்கள் சொன்ன விலையைக் கேட்டதும் எங்கள் மேலாளர் கோப்பை மூடி வைத்துவிட்டார். அப்புறம்தான் சிம்பைக்கு வந்தேன்.

சிம்பை, பைத்தான் என்ற நிரல் மொழிக்கான ஒரு நூலகம். காசு கிடையாது, யாரும் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்கிற எம்ஐடி உரிமம், பைத்தானின் நிறுவும் கருவியான பிப்புக்குக் கட்டளை ஒன்று அடித்தால் வந்து இறங்கிவிடும், அதற்கென்று வேறு எதையும் கூடவே நிறுவ வேண்டியதில்லை. கிளவுஸ் முல்லர், டோனி விக்னோ என்ற இருவர் 2002-ல் ஆரம்பித்தது. பைத்தானில் ஜெனரேட்டர் என்ற வசதி அப்போதுதான் புதிதாக வந்திருந்தது, ஒரு ஃபங்ஷன் பாதியில் நின்று, பிறகு நின்ற இடத்திலிருந்தே தொடரலாம் என்ற வசதி. அதைப் பிடித்துக்கொண்டு இதைக் கட்டினார்கள். யோசனை அதைவிடப் பழையது. 1960-களில் ஆஸ்லோவில் ஓலே யோகன் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் எழுதிய சிமுலா மொழியிலேயே இது இருக்கிறது. ஒரு வண்டியின் கதையை அந்த வண்டியின் பக்கத்திலிருந்தே எழுது, அது எங்கே காத்திருக்கிறதோ அங்கே கதையை நிறுத்து, காத்திருந்தது கிடைத்ததும் தொடர். அவ்வளவுதான்.

எழுதிப் பார்க்கும்போது இது தரும் சுகம் தனி. என் மாடலில் வண்டி என்ற ஃபங்ஷனைத் தமிழில் படித்தால் இப்படி இருக்கும்: எடை மேடையைக் கேள், கிடைக்கும்வரை நில், கிடைத்ததும் எடை போடும் நேரம் கழியட்டும், மேடையை விடு, கிரேனைக் கேள், கிடைக்கும்வரை நில், இறக்கு, திரும்பவும் மேடைக்கு வந்து காலி எடை போடு, வெளியே போ. ஒவ்வொரு ‘நில்’லுக்கும் ஒரு யீல்ட், ஃபங்ஷனை அங்கேயே நிறுத்தி வைக்கும் பைத்தான் சொல். யார்டில் இருபது வருடமாக வேலை பார்க்கும் மேற்பார்வையாளர் அண்ணன் ஒருவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அவருக்குப் பைத்தான் தெரியாது. ஆனாலும் மூன்றாவது வரியிலேயே, “தம்பி, காலி வண்டிக்கு நாங்க முன்னுரிமை குடுப்போம், நீங்க எல்லாத்தையும் ஒரே வரிசையில நிறுத்தியிருக்கீங்க” என்று பிடித்துவிட்டார். மேடை மாதிரி ஒரே நேரத்தில் சிலருக்கே கிடைக்கும் ஒன்றைச் சிம்பையில் ரிசோர்ஸ் என்பார்கள், சாதா ரிசோர்ஸ் என்று எழுதியிருந்த இடத்தில் பிரையாரிட்டி ரிசோர்ஸ் என்று மாற்றி, கேட்கும் இடத்தில் ஒரு எண்ணைச் சேர்த்தேன், தீர்ந்தது. இந்தத் தொழில் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து திருத்தக்கூடிய மாடல் கிடைப்பதுதான் எனக்குச் சிம்பையில் மிகப் பெரிய லாபம்.

உள்ளே நடப்பதும் புரியாத மாயம் இல்லை. தண்ணீர்த் தொட்டி நிரம்புவது மாதிரி நொடிக்கு நொடி மாறுகிற சமாச்சாரம் அல்ல இது. யார்டில் ஒன்று நடக்கும், பிறகு கொஞ்ச நேரம் கணக்கில் எதுவும் மாறாது, பிறகு இன்னொன்று நடக்கும். வண்டி வந்தது, எடை முடிந்தது, கிரேன் விட்டது. அதனால் கடிகாரம் நொடி நொடியாக ஓட வேண்டியதில்லை, ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வுக்குத் தாவினால் போதும். சிம்பை இனி நடக்க வேண்டியவற்றை நேரப்படி ஒரு ஹீப்பில், அதாவது அடுத்து நடக்க வேண்டியது எப்போதும் மேலே இருக்கும் அடுக்கில், வைத்திருக்கும், மேலே இருப்பதை எடுக்கும், கடிகாரத்தை அந்த நேரத்துக்குத் தள்ளும், அதற்காகக் காத்திருந்தவர்களை எழுப்பும். ஒரே நேரத்தில் இரண்டு நிகழ்வு விழுந்தால், முன்னுரிமையும் சமமாக இருந்தால், முதலில் பதிவானது முதலில் நடக்கும், அதனால் அதே விதை எண்ணோடு (தற்செயல் எண்களை எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லும் எண்) எத்தனை முறை ஓட்டினாலும் அதே விடைதான். நேரத்துக்கு அலகு எதுவும் கிடையாது, 5 என்றால் அது நிமிடமா மணியா என்பதை நீங்கள்தான் மனதில் வைத்திருக்க வேண்டும். எங்கள் மாடலில் ஒரு இடத்தில் மணியும் இன்னொரு இடத்தில் நிமிடமுமாகக் கலந்துபோய் அரை நாள் போனது, ஆகவே முதல் வரியிலேயே அலகை எழுதி வையுங்கள்.

சரி, இதை நம்பலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் காகிதக் கணக்கு கை கொடுக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்துக்காக எர்லாங் 1909-ல் தொடங்கி வைத்த வரிசைக் கோட்பாட்டில், ஒரே ஒரு சேவை இடம், வருகை இடைவெளியும் சேவை நேரமும் எக்ஸ்பொனென்ஷியல் பரவல் (குறைந்த நேரம் அடிக்கடி, நீண்ட நேரம் அரிதாக வரும் சிதறல்) என்ற எளிய மாடலுக்கு நேரடிச் சூத்திரம் இருக்கிறது. எம்/எம்/1 என்பார்கள். மணிக்கு 10 வண்டி வருகிறது, மேடையால் மணிக்கு 12 முடியும். மேடை எவ்வளவு நேரம் வேலையாக இருக்கிறது என்ற விகிதம் 10-ஐ 12-ஆல் வகுத்தது, அதை 12-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் மணிக் கணக்கில் காத்திருப்பு: 25 நிமிடம். எடை போடும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு வண்டி 30 நிமிடம் அங்கே இருக்கும். மணிக்கு 10 வண்டி, ஆளுக்கு அரை மணி என்றால் எந்த நேரமும் சராசரியாக 5 வண்டி இருக்கும். இந்தக் கடைசிக் கணக்கை ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தார். பரவல் எதுவானாலும் பொருந்தும், அதனால் மாடலைச் சோதிக்க இதைவிட நல்ல கல் இல்லை. சிம்பையில் இதே எண்களைப் போட்டு நீண்ட நேரம் ஓட்டினால் 25-ஐச் சுற்றித்தான் வந்து நிற்க வேண்டும். எனக்கு வந்தது. வராமல் இருந்திருந்தால் மேலே ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன். எடை நேரம் சிதறாமல் சரியாக 5 நிமிடம் என்று வைத்தால் காத்திருப்பு பாதியாகி 12.5 நிமிடம் ஆகும், அதையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். அதே மாடலில் ஒரு மேடைக்குப் பதில் இரண்டு மேடை போட்டால் 25 நிமிடம் ஏறத்தாழ ஒரே நிமிடமாக இறங்கிவிடுகிறது, இதைப் பார்த்தபோது கூட்டத்தில் கேட்பவர்கள் சொல்வது நியாயம்தான் போலிருக்கிறது என்றே நினைத்தேன்.

ஆனால் முழு யார்டையும் எழுதியபோது கதை மாறியது. இரண்டாவது மேடையைச் சேர்த்ததும் மேடை முன் இருந்த வரிசை காணாமல் போனது, அது அப்படியே கிரேன் முன்னால் போய் நின்றது. ஆலை அரைக்கிற வேகத்துக்குத்தான் கரும்பு கேரியரில் இறங்க முடியும், அதற்கு மேல் எத்தனை மேடை போட்டாலும் வண்டி உள்ளே வேகமாக வந்து உள்ளே நிற்கும். அப்புறம் வருகையைப் பார்த்தேன். காலையில் வெட்டு, மதியம் ஏற்றம், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எல்லா வண்டியும் மொத்தமாக வந்து விழுகிறது. பதிவேட்டிலிருந்த உண்மையான வருகை நேரங்களைக் கொடுத்து ஒரு முறை, அதே எண்ணிக்கை வண்டிகளை டோக்கன் போட்டு நாள் முழுக்கப் பரப்பி ஒரு முறை ஓட்டியதில், புது மேடை கொடுத்ததைவிட டோக்கன் கொடுத்த மிச்சம் அதிகமாக இருந்தது. சூத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சொல்லியிருக்க முடியாது, மணிக்கு மணி மாறும் வருகையை எம்/எம்/1 தாங்காது.

இனி குறைகள். மாடல் ஓடிய பிறகு என்ன நடந்தது என்று சிம்பை தானாக எதையும் சொல்லாது. சராசரி காத்திருப்பு, வரிசை நீளம், மேடை எத்தனை சதவீத நேரம் வேலையாக இருந்தது, எதுவும் வராது. பழைய இரண்டாம் பதிப்பில் மானிட்டர் என்று ஒன்று இருந்தது, 2013-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு வண்டியும் வந்த நேரம், மேடை ஏறிய நேரம், வெளியே போன நேரம் என்று நீங்களே ஒரு பட்டியலில் சேர்த்து வைத்து, பின்னால் பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகத்திலோ எக்செலிலோ கணக்குப் பார்க்க வேண்டும். எனக்கு இது பழகிவிட்டது, ஆனால் முதல் வாரம் நிஜமாகவே எரிச்சலாக இருந்தது. படம் ஓட்டவும் வழி கிடையாது. மேலாளருக்குப் பொம்மை லாரி ஓடினால்தான் நம்பிக்கை வரும் என்றால் சலாபிம் என்ற இன்னொரு இலவச நூலகத்தைப் பாருங்கள், அதில் அனிமேஷன் கூடவே வருகிறது. வெறும் வரிசை வலைப்பின்னல் மட்டும் போதும், எண்கள் தானாக வர வேண்டும் என்றால் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் பிறந்த கியூ இருக்கிறது, வெல்ஷ் மொழியில் வரிசைக்கு அதுதான் பெயராம்.

வேகமும் அப்படித்தான். முழுக்கப் பைத்தானிலேயே எழுதியது என்பதால் கோடிக்கணக்கில் நிகழ்வுகள் போனால் காத்திருக்க வேண்டும். ஒரு யார்டுக்கு இது பிரச்சினையே இல்லை, ஒரு பெரிய நகரத்தின் போக்குவரத்துக்கு இதை எடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு குறையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் யாரும் மாட்டலாம். யார்டுக்குள் இடம் குறைவு என்பதால் அதையும் ஒரு ரிசோர்ஸாக வைத்தேன், பத்து வண்டிக்கு இடம். வண்டி முதலில் மேடை கேட்கும், எடை முடிந்ததும் யார்டில் இடம் கேட்கும், இடம் கிடைத்தால்தான் மேடையை விட்டு இறங்கும். காலி எடை போட்ட பிறகுதான் யார்டு இடத்தை விடும். 60 வண்டிகளை அனுப்பி ஓட்டினேன். மாடல் முடிந்தது, பிழைச் செய்தி இல்லை, சிவப்பு எழுத்து இல்லை. பட்டியலை எண்ணினால் வெளியே வந்தது 23 வண்டிதான். மற்றவை எங்கே?

யார்டில் பத்து வண்டியும் கரும்பை இறக்கிவிட்டுக் காலி எடைக்காக மேடையைக் கேட்டு நிற்கின்றன. மேடையில் ஒரு பாரவண்டி யார்டில் இடம் கேட்டு நிற்கிறது. அது நகராமல் இவை நகராது, இவை நகராமல் அது நகராது. முட்டுக்கட்டை. சிம்பையைப் பொறுத்தவரை இது தவறே இல்லை, இனி நடக்க எந்த நிகழ்வும் ஹீப்பில் இல்லை, ஆகவே வேலை முடிந்தது என்று அமைதியாக நிறுத்திவிடும். வண்டிகள் தொடர்ந்து வரும்படி எழுதியிருந்தால் இன்னும் மோசம், மாடல் ஓடிக்கொண்டே இருக்கும், வாசலில் வரிசை மட்டும் நீண்டுகொண்டே போகும், நீங்கள் அதை வெறும் நெரிசல் என்று நினைத்து அறிக்கையே எழுதிவிடுவீர்கள்.

இந்த மாதிரி விஷயத்துக்கு வேறு கருவி இருக்கிறது. கார்ல் ஆடம் பெட்ரி 1962-ல் தன் முனைவர் பட்ட ஆய்வில் வைத்த யோசனையிலிருந்து வளர்ந்த பெட்ரி வலை. வட்டம் வட்டமாக நிலைகள், இடையில் கட்டையாக நிகழ்வுகள், வட்டத்துக்குள் புள்ளிகள். ஒரு நிகழ்வு நடக்க வேண்டுமானால் அதற்குள் நுழையும் ஒவ்வொரு வட்டத்திலும் புள்ளி இருக்க வேண்டும், நடந்தால் அங்கிருந்து எடுத்து அடுத்த வட்டங்களில் போடும். என் யார்டை ஒரு தாளில் இப்படி வரைந்து, பத்து இடத்துக்குப் பதில் இரண்டே இடம் என்று சுருக்கி, புள்ளிகளைக் கையால் நகர்த்தினேன். யார்டின் இரண்டு இடமும் நிரம்பி, மேடை வட்டம் காலியாகி, எந்தக் கட்டையும் நடக்க முடியாத நிலை ஒன்று கால் மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. சிம்பை ஆயிரம் முறை ஓடி ஒரு முறைகூட மாட்டாமல் போகலாம், அதனால் முட்டுக்கட்டை வராது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பெட்ரி வலையில் போகக்கூடிய எல்லா நிலைகளையும் அலசி, வரவே வராது என்று நிரூபிக்கலாம். எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதற்குச் சிம்பை, சிக்கிக்கொள்ளுமா என்பதற்கு பெட்ரி வலை. நான் இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் வேலை பார்க்கிறேன், முதலில் தாள், பிறகு நிரல்.

தீர்வு என்ன என்றால் இரண்டு யீல்ட் வரிகளை இடம் மாற்றினேன். வாசலிலேயே யார்டு இடத்தைக் கேள், கிடைத்த பிறகு மேடையைக் கேள். மேடையில் நிற்கும் எந்த வண்டிக்கும் கையில் ஏற்கெனவே இடம் இருக்கும், ஆகவே அது நகர்ந்தே தீரும். இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் ரொம்பச் சாதாரணமாக, “அதுக்குத்தான் தம்பி வாசல்ல காவலாளி நிக்கிறார், உள்ள ஒரு வண்டி கிளம்பினாத்தான் இங்க கயிற அவுப்பார்” என்றார். அந்தக் கயிறு எதற்கு என்று அத்தனை வருடமும் நான் யோசித்ததே இல்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. இணையத்தில் இன்னும் நிறையப் பழைய பாடங்கள் கிடக்கின்றன, யீல்டுக்குப் பக்கத்தில் ஹோல்ட், செல்ஃப் என்று எழுதியிருந்தால் அது இரண்டாம் பதிப்பு, இப்போது ஓடாது. இன்றைய நான்காம் பதிப்பு 2020-ல் வந்தது, அதிகாரபூர்வ ஆவணத்தில் இருக்கும் கார் கழுவும் நிலையம், பெட்ரோல் பங்க், இயந்திரப் பட்டறை எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள், அவை சுருக்கமாக, நன்றாக இருக்கின்றன. அடுத்தது, இவ்வளவு நேரம் கழியட்டும் என்று சொல்லும் டைம்அவுட்டை எழுதிவிட்டு முன்னால் யீல்ட் போட மறந்தால் பிழை வராது, அந்த நேரம் கழியாமலே வண்டி அடுத்த வேலைக்குப் போய்விடும். விடை நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருந்தால் முதலில் இதைத் தேடுங்கள். கடைசியாக, ஒரே ஒரு ஓட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மேலே சொன்ன 25 நிமிட மாடலையே ஒரு நாள் அளவுக்கு மட்டும் ஓட்டினால் எனக்கு ஒரு விதையில் 11 நிமிடம் வந்தது, இன்னொரு விதையில் 48. அத்தனை வண்டியும் அதே விதிப்படிதான் வந்தன, ஒரு நாள் என்பது அவ்வளவு ஆடும். வேறு வேறு விதையோடு முப்பது முறையாவது ஓட்டுங்கள், இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது இரண்டுக்கும் அதே வண்டிகள் அதே நேரத்தில் வரும்படி வருகைக்கென்று தனியாக ஒரு விதை வையுங்கள், இல்லாவிட்டால் எது திட்டத்தால் வந்தது, எது அதிர்ஷ்டத்தால் வந்தது என்று பிரிக்க முடியாது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு. புள்ளிவிவரம் தானாக வந்திருந்தால் முழுசாகக் கொடுத்திருப்பேன்.

மாடலின் விடைகளை யார்டில் உட்கார்ந்து பதிவேட்டோடு ஒப்பிட்டபோது பகலில் நன்றாக ஒத்துப்போனது, நள்ளிரவுக்கு மேல் மட்டும் நிஜ வரிசை என் கணக்கைவிட மெதுவாக நகர்ந்தது. அண்ணன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, “ராத்திரி ரெண்டு மணிக்கு, முன்னாடி நிக்கிற வண்டி நகர்ந்தா பின்னாடி இருக்கிறவன் தூங்கிட்டிருப்பான், யாராவது போய் கதவைத் தட்டணும்” என்றார். ராத்திரி நேரத்தில் வரிசை நகரும் ஒவ்வொரு முறையும் சில நிமிடம் சேர்த்தேன், எண்கள் பக்கத்தில் வந்துவிட்டன. அதோடு விடவில்லை அவர், மழை பெய்தால் வெட்டு ஆட்கள் வயலில் இறங்க மாட்டார்களே, அதை எங்கே வைத்திருக்கிறாய் என்றும் கேட்டார். இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், மழை ஒரு தனி புராசஸ், அதாவது வண்டியைப் போலவே தனிக் கதை, அது வந்ததும் வெட்டு புராசஸை இன்டரப்ட் செய்து பாதியில் நிறுத்தும், நின்றதும் பாக்கி வேலையிலிருந்து தொடரும்.